இரும்புக்குள்ளிருந்து இரண்டு தட்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தில் இல்லை, சிரிப்பை அடக்க முடியாமல். நீங்களும் இப்போது சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ராயபுரம் கடற்கரையில் இரும்புப் படகு பழுது பார்க்கிற பட்டறையில், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவிட் ஆணிகளைச் சோதிக்கிற வேலை எனக்கு. தகட்டுக்கு அந்தப் பக்கம் காசிம் சுத்தியலால் தட்டுவான், இந்தப் பக்கம் ரிவிட்டின் தலையில் நான் விரல் வைத்திருப்பேன். இறுகப் பிடித்த ரிவிட் என்றால் விரல் நுனியில் ஒரே ஒரு இடி, அதோடு சரி. தளர்ந்தது என்றால் அதிர்வு விரலில் நிற்காது, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை ஏறும். காதை நம்பிப் பிரயோசனமில்லை, சுத்தியல் சத்தத்தில் எங்கள் எல்லோருக்கும் பாதிக் காது போய்விட்டது. அதனால் படகின் அடியில் இருக்கும் இரும்பு அறையை மூடும்போது ஒரு பழக்கம் வைத்திருந்தோம். மூடியில் மூன்று தட்டு தட்டிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்ப்போம். உள்ளே ஆள் இருந்தால் திருப்பி இரண்டு தட்டுவான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போகிறேன் என்று காசிம் நடுப்பகலில் கிளம்பினான், கேட்டைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன். வேலையைப் பார்வையிடக் கம்பெனித் துரை வருவதற்குள் அறையில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கணும் என்று மேஸ்திரி குதித்துக்கொண்டிருந்தார். எனக்கோ கொலைப் பசி. மூடியைப் போட்டு நட்டுகளை முடுக்கினேன். ஒடுக்கமான அறை, பம்பு ஓடினால் சீக்கிரம் நிரம்பிவிடும். நான் கை கழுவி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தேன்.

இடது கையை மணலில் ஊன்றிக்கொண்டு வலது கையால் சோற்றைப் பிசைந்தேன். அந்தச் சோற்றுக்குள் என் கையில் இரண்டு தட்டு. நம்பினால் நம்புங்கள், தளர்ந்த ரிவிட்டில் வருகிற மாதிரியே முழங்கை வரை ஏறியது. பம்பு அதிர்கிறதோ என்றால், மணலில் இருந்த இடது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. நரம்பு துடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தேன். மறுபடியும் இரண்டு.

எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தச் சொன்னேன். மேஸ்திரி வந்த கோபத்தில் என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"இன்னாடா எல்லப்பா, தொர வர நேரத்துல பேஜார் பண்ணிகினு கீறே?"

"உள்ள ஆள் கீறான் மேஸ்திரி. வேலை போனாலும் போவட்டும், தொறந்துட்டுத்தான் மறுபேச்சு."

சோற்றுக் கையில் ஸ்பேனர் வழுக்கி வழுக்கிப் போனது. மூடியைத் தள்ளினால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் காசிம், கழுத்து வரை தண்ணீர், கண் மூடியிருக்கிறது. அறைக்குள் மறந்துபோன தொப்பியை எடுக்க, நான் மூடுவதற்கு முன்பே என் கண்ணில் படாமல் திரும்பி வந்தவன் உள்ளே பெயிண்ட் வாடையில் மயங்கிவிட்டான். வெளியே இழுத்துப் போட்டு முதுகில் அறைந்தோம். இருமினான், கண்ணைத் திறந்தான், தொழுகை முடிந்துவிட்டதா என்று கேட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு மட்டும் இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன், அவனுடைய சுத்தியல் என் பையில் கிடக்கிறது. எதை வைத்துத் தட்டினாய் என்று மறுநாள் கேட்டேன்.

"நான் எங்க மாமு தட்டுனேன்? நீதான தட்டுனே, மூணு மூணா. உள்ளங்கையில வுயுந்துகினே இருந்துச்சு. அத்தப் புடிச்சிகினுதான் உசுரோட கெடந்தேன்."

பத்து வருஷம் ஆகிறது. போன மாசம் அவன் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், தண்டையார்பேட்டையில். என்னை முன்வரிசையில் உட்கார வைத்து, இந்த மாமு மூன்று தட்டு தட்டியதால்தான் இன்றைக்கு நான் இருக்கிறேன் என்று சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னான். அவன் நடமாடுவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு குளிர்ந்துவிடும், அன்றைக்கும் குளிர்ந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் பிரியாணியைச் சாப்பிட்டேன்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். காசிம்தான் போய்விட்டானே என்று, பசி அவசரத்தில், அன்றைக்கு மூடியில் அந்த மூன்று தட்டை நான் தட்டவே இல்லை.