என் பேரில் வந்த வான்

எனக்கு எழுபத்தெட்டு வயது. வளர்த்தது நாலு பிள்ளைகள், நாலும் ஆண். பிறத்தியாரிடம் கைநீட்ட ஒருவனையும் விட்டதில்லை.

மூத்தவன் கனடாவில். மற்ற மூன்று பேரும் கலியாணம் முடித்து, பெண்சாதிமாரின் சீதன வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவன் கண்டாவளை, ஒருவன் முள்ளியவளை, கடைசி வவுனியா. நான் அக்கராயனில் தனியே. இவர்களின் தகப்பன் போன பிறகு, வந்திருங்கோ என்று மாறி மாறிக் கூப்பிட்டார்கள். விருப்பமில்லை என்றால் மனம் நோவார்கள். அதனால் மருமகளின் சீதன வீட்டில் மாமி போய்ப் பாய் விரிக்கக் கூடாது, என் பேரில் உள்ள கூரைக்குக் கீழேதான் படுப்பேன் என்று சொல்லி வைத்தேன். எங்கள் ஆட்களிடம் அதற்கு மேல் கதை இல்லை. ஐந்து வருடம் அப்படியே போனது.

போன செவ்வாய் காலை படலைக்கு முன்னால் ஒரு புது வெள்ளை வான் வந்து நின்றது. கடைசி மகன் இறங்கினான். வான் விற்ற இடத்து ஆளும் ஒரு கட்டுக் கடதாசியோடு இறங்கினார். உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, தட்டிக்குப் பின்னால் கக்கூசு. மூத்தவன் காசு அனுப்ப, தம்பிமார் பார்த்து எடுத்திருக்கிறார்கள். மகன்மாரின் வளவுகளில் ஒவ்வொரு மாதம் வான் நிற்குமாம். நான் அதற்குள் படுக்கலாமாம்.

“வான் பதிவுப் புத்தகத்தில உங்கட பேர்தானம்மா,” என்றான். “கூரையும் உங்கட. இனி என்ன சாட்டுச் சொல்லப் போறியள்?”

தலைமாட்டில் குசினியும் கால்மாட்டில் கக்கூசுமாய் மனுசர் படுப்பதோ என்று கேட்டேன். சிரித்துவிட்டு, கட்டிலில் இருந்து பார்க்கச் சொன்னான். ஏசிக் குளிர் தெரியட்டும் என்று வெளியே நின்று கதவைச் சாத்தினான். திறக்கிற பிடியைத் தடவிப் பார்த்தேன், அகப்படவில்லை. கண்ணாடிக்கு அங்கால் என் கிணற்றடி தெரிந்தது. பசு வாயைத் திறந்து கத்தியது, சத்தம் கேட்கவில்லை. கூப்பிட வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தபோது முன்வீட்டுக்காரி வேலியோடு நின்றாள்.

“குடுத்து வைச்சனியள் அக்கா. எங்கட வீடுகள் ஓரிடத்திலதானே நிக்குது.”

அவளுக்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லி என் பிள்ளைகளைத் தாழ்த்துவேனா? நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தேன். வான் விற்ற ஆள் கடதாசியில் விரல் வைத்த இடத்தில் என் பெயரை மெல்ல மெல்ல எழுதினேன். எனக்கு எழுத வருவது அது ஒன்றுதான். வானைப் பெற்றுக்கொண்டேன் என்று அதற்குக் கருத்தாம்.

வெள்ளிக்கிழமை கூட்டிப் போக வருகிறார்கள். மாட்டை முன்வீட்டுக்காரி பார்ப்பாளாம். அதையும் கதைத்து முடித்துவிட்டார்கள்.

அவர்களின் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வராது. அதுதான் லீவுக்கு வந்து நிற்கும் முள்ளியவளை மகனின் மகளை இருத்தி, நாலு பேரும் வாசிக்க இதை எழுதுவிக்கிறேன். வான் நல்ல வான். மருமக்களும் நல்லவர்கள். சீதன வீட்டைக் காட்டி நான் மறுத்தது பொய். எனக்கு இங்கிருந்து போக விருப்பமில்லை.

எழுதியிட்டியே, பிள்ளை? முதலில இருந்து ஒருக்கா வாசி, கேப்பம்.