மன்னிப்புக் கேட்ட வெள்ளிக்கிழமை

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். 1983, ஜனவரி 14. புடாபெஸ்ட்டில் எங்கள் யூதக் கல்லறைத் தோட்டத்தில், பிணம் கழுவும் அறையில். என்னோடு இருந்த இருவரில் ஒருவர் இன்றும் உயிரோடிருக்கிறார். நம்பாதவர்கள் அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசைமேல் கிடந்தவர் லாசர் பெர்ல். எங்கள் தொழுகைக்கூடத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. போரில் எல்லோரையும் பறிகொடுத்த தனிக்கட்டை. அனாதை விடுதியில் வளர்ந்த எனக்கு ஞாயிறு தவறாமல் சூப் கொண்டுவந்தவர். என் முதல் குளிர்கோட்டு அவர் வாங்கியது. அவர்மேல் எனக்கு உயிர். சாவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓய்வுநாள் பொறக்குறதுக்குள்ள என்னைப் புதைச்சிடு டிவாதர். மண்ணுக்கு மேல போட்டு வைக்காத."

சத்தியம் செய்தேன். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் ஓய்வுநாள். அதன்பிறகு ஞாயிறுவரை யாரையும் புதைக்க முடியாது. அன்று சூரியன் மறையும் நேரம் 4.20.

பிணம் கழுவும் தொண்டில் நாங்கள் மூன்று பேர். நான், கசாப்புக்கடை லிபோட் அண்ணன், பல் டாக்டர் ஆர்மின். உள்ளே போகுமுன் லிபோட் வாயைத் திறந்தார்.

"குளிரு காலத்துல லாசர் குளிச்சு யாராவது பாத்திருக்கீங்களா? இன்னிக்கு வசமா மாட்டிக்கிட்டான்."

"அண்ணே, சும்மா வாங்க. நேரமில்ல" என்றார் ஆர்மின்.

அறைக்குள் வேண்டாத பேச்சு கூடாது. முதலில் இறந்தவரைத் தொழுகையில் அழைக்கும் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டு, எங்கள் கை தவறினால் மன்னிக்கச் சொல்லவேண்டும். லாசரின் தொழுகைப் பெயர் எலியேசர். இருபது வருடமாக எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். ஒருவரும் பதில் சொன்னதில்லை.

"எலியேசர், நாஃப்தாலியின் மகனே, எங்களை மன்னித்துவிடு."

கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

லிபோட் திறந்து பார்த்தார். புதுப் பனி. ஒரு காலடித் தடம்கூட இல்லை. மணி 1.40.

மூன்று வாளித் தண்ணீரை ஒருவர்பின் ஒருவராக, தாரை அறாமல் ஊற்றவேண்டும். அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. லிபோட் ஊற்றினார். அவர் வாளி தீருமுன் நான் என்னுடையதைச் சாய்த்தேன். தண்ணீர் விழவில்லை. குழாயில் நானே பிடித்த தண்ணீர். வாளியைக் கவிழ்த்தே விட்டேன்... விழவில்லை. பிறகு மொத்தமாகத் தரையில் விழுந்தது, பனிக்கட்டிகளோடு.

2.15. இரண்டாம் முறை. தாரை அறவில்லை. ஆனால் லாசரின் மார்புக்கு ஒரு சாண் மேலேயே தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வழிந்தது. மேசை நனைந்தது. எங்கள் கால் நனைந்தது. லாசர் மட்டும் காய்ந்து கிடந்தார். அறை முழுக்க டான்யூப் ஆற்றின் சேற்று வாடை.

2.50. எனக்கு அழுகை முட்டியது. குழி தயாராகக் காத்திருக்கிறது, நான் இங்கே வாளியோடு மல்லுக்கட்டுகிறேன். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மறுபடியும் கூப்பிட்டேன்.

"எலியேசர், நாஃப்தாலியின் மகனே..."

"இருக்கேன்."

மேசையிலிருந்து அல்ல. என் முதுகுக்குப் பின்னாலிருந்து.

"எங்களை... மன்னித்துவிடு."

சொட்... சொட்... சொட்...

"மாட்டேன்."

இளம் குரல். லாசருக்கு அறுபத்தாறு வயது.

"என் பேரைப் போட்டுக்கிட்டு இவன் புதையப் போறானா? கழட்டி வச்சுட்டுப் போகச் சொல்லு."

ஆர்மின் ஓடிவிட்டார். லிபோட் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஈரக் கை.

லாசரின் வாய் திறந்தது.

தண்ணீர் வந்தது. கறுப்பாக...

தாரை அறாமல்.

3.30...

4.00...

4.20.

நின்றது. கை விட்டது.

சத்தியத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கழுவாமலே, எந்தப் பெயரும் சொல்லாமலே புதைத்தோம். நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

மூன்று வாரம் கழித்து, செகெத் ஊரிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பத்திரிகையில் மரண அறிவிப்பைப் பார்த்திருக்கிறார். "பிணம் கழுவியவர் வீடு" என்று லிபோட் என் வாசலைக் காட்டிவிட்டிருந்தார். உட்காரக்கூட இல்லை.

"லாசர் பெர்ல் என் தம்பி. அவன் நாப்பத்திநாலு டிசம்பர்லயே செத்துட்டான். சுவிஸ்காரங்க குடுத்த பாதுகாப்புச் சீட்டு அவன்கிட்ட இருந்துச்சு, அது இருந்தா நாஜிங்க தொடமாட்டாங்க. பக்கத்துல படுத்திருந்தவன் அதை உருவிட்டு ஓடிட்டான். விடிஞ்சதும் சீட்டு இல்லாதவங்களை ஆத்தங்கரையில நிக்க வச்சுச் சுட்டாங்க. நீங்க புதைச்சது அந்தத் திருடனைத்தான்."

நான் கேட்டேன். "யாரு அவன்?"

"எர்னோன்னு ஒருத்தன். அடுப்புக் கட்டுறவன். பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா, பிள்ளைக்காகத்தான் பொழைக்கணும்னு புலம்பிக்கிட்டே கெடப்பான்னு அங்கருந்து தப்பிச்சு வந்தவரு சொன்னாரு. அதுக்கு என் தம்பிதானா கெடச்சான்? என் கட்டை வேகுறவரைக்கும்..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். எங்களில் யாரும் கட்டையை வேக வைப்பதில்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மண்ணுக்குள்ள போறவரைக்கும் மன்னிக்கமாட்டேன். அவனையும் சரி, அந்தப் பிள்ளையையும் சரி. டிவாதராம், நாலு வயசாம்."

மூச்சு வாங்கியது அவருக்கு. கொஞ்சம் தணிந்து, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடுங்க தம்பி. ஆமா... உங்க பேரையே கேக்கலையே?"