ரிபேகாவின் ஃப்ரீசரில் ஒரு பறவை

ரிபேகா முக்கியமாக எதையாவது சொல்லப் போகிறாள் என்றால் முதலில் கை கழுவுவாள். ஊர்க்கூடத்துச் சமையலறையில் அவளோடு வருஷக்கணக்காகத் தட்டு தேய்த்த பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும். நுரைக்குள் கிடந்த கையை வெளியே எடுத்து, குழாயைத் திறந்து, விரல் விரலாகக் கழுவித் துடைத்தாள் என்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு வாக்கியம் வரும். "கடைசி மேஜையில இருக்கிற பொண்ணு மாசமா இருக்கா." அல்லது, "அந்தப் பெரியவருக்குச் சோறு இறங்கல, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க." சொல்லிவிட்டு மறுபடி நுரைக்குள் கையை விட்டுக்கொள்வாள். அவள் சொன்னது தப்பாகப் போனதாக யாருக்கும் ஞாபகமில்லை.

பதிமூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு நின்றுவிட்டவள். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதவோரம்தான் தேடுவாள். வாய் பேசாவிட்டாலும் கண் சும்மா இருக்காது. கணவன் எருவேராவைக் கடல் கொண்டுபோன பிறகு, கழிமுகத்து ஓரத்து வீட்டில் அவளும் பாஸும் மட்டும்தான். பாஸ் என்பது நாய். பெயரில்தான் அதிகாரம். கடல்காகம் இரண்டு எதிர்த்து நின்றால் ரிபேகாவின் பாவாடைக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும்.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் கிவி என்ற பறக்காத பறவையின் குரலே கேட்காமல் போயிருந்தது. ஊரே கூடி, குஞ்சுகளைத் தின்னும், கீரி போன்ற ஸ்டோட்டுகளுக்குப் பொறி வைத்து, காட்டுப்பூனைகளைப் பிடித்து, இருட்டினால் நாயைக் கட்டிப்போட வேண்டும் என்று கட்டுப்பாடும் போட்டு, பறவையைத் திரும்ப வரவழைத்தது. ஓடைக்குப் பின்னால் உள்ள பொறிகள் ரிபேகாவின் பொறுப்பு. செத்த ஸ்டோட்டை வாலைப் பிடித்துத் தூக்கிப் புதரில் எறிந்துவிட்டு, அடுத்த பொறிக்கு நடப்பாள். ராத்திரி ஜன்னலுக்கு வெளியே கிவி கூப்பிட்டால், அது தன் வீட்டுப் பிள்ளை குரல் போலத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

போன இலையுதிர் காலத்தில் கைக்கோஹேயில் ஒரு சாவு. ரிபேகா இரண்டு ராத்திரி அங்கே தங்க வேண்டியிருந்தது. கணவனின் தம்பி பீட்டா பக்கத்துப் புல்வெளியைத் தாண்டி இருக்கிறான். பன்றி வேட்டைக்காரன். வேட்டைக்கு மூன்று நாய் வைத்திருப்பவனுக்கு நாலாவது நாய்க்குச் சோறு வைப்பது பாரமா என்ன. "பொழுது சாஞ்சா கட்டிப் போட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்த காலையில், சர்க்கரைவள்ளிப் பாத்தியில் கிவி கிடந்தது.

ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவது போல இருந்தது. நீளமான அலகு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. முதுகில் மட்டும் இறகு ஈரம் காய்ந்து திரி திரியாக ஒட்டியிருந்தது. ரிபேகா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து விறகுக் கொட்டகையைப் பார்த்தாள். பாஸைக் கட்டும் சங்கிலி சுவரில் உள்ள ஆணியில் அழகாக மாட்டியிருந்தது. அவள் ஒருநாளும் அங்கே மாட்டுவதில்லை. பாஸ் படிக்கட்டில் படுத்து வாலை மட்டும் ஆட்டியது.

பீட்டா புல்வெளியைத் தாண்டி வந்தான். "வந்தாச்சா அண்ணி? பஸ்ஸு நேரத்துக்கு..." என்று ஆரம்பித்தவன், அவள் நின்ற இடத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"வயசாகிச் செத்திருக்கும்" என்றான். "ரத்தமே இல்லையே."

"நாய் கவ்வினா இதுக்கு ரத்தம் வராது. உனக்கே தெரியும்."

தெரியும். கிவிக்கு நெஞ்சுக்கூடு அவ்வளவு மெல்லிசு. நாய் விளையாட்டாகக் கவ்வித் தூக்கினாலே உள்ளே நொறுங்கிவிடும்.

பீட்டா தன் வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "அண்ணி, மண்வெட்டி அங்கயே சாத்தியிருக்கு. ரெண்டடி தோண்டினாப் போதும். கிழங்குக்கு உரமாச்சு."

அவள் மண்வெட்டிப் பக்கம் திரும்பவில்லை.

"உங்க பாஸாவும் இருக்கலாம், என் கறுப்பியாவும் இருக்கலாம். எதுவா இருந்தாலும் ஊசி போட்டுடுவாங்க. நம்ம நாயைக் கொல்றதுக்கு நாமளே ஆள் கூப்பிடுவோமா?"

ரிபேகா தோட்டத்துக் குழாயடிக்குப் போனாள். விரல் விரலாகக் கழுவினாள். பீட்டா பெருமூச்சு விட்டான்.

"மராயியாவுக்குப் போன் பண்ணு" என்றாள்.

"நானா?"

"நீதான். என் போன்ல சார்ஜ் இல்ல."

போனில் சார்ஜ் இருந்தது.

மராயியா அவர்கள் இரண்டு பேருக்குமே உறவுப் பெண். ஊரின் கிவிக் குழுவை நடத்துகிறாள். அலை இறங்கி, கழிமுகத்தில் முங்கியிருந்த ரோடு தெரிந்த பிறகுதான் அவள் வண்டி வர முடியும். அதுவரை ரிபேகா ஒரு துணியைப் பறவை மேல் போர்த்தி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இறந்ததைத் தனியாக விடுவதில்லை.

"ஒரு பறவைக்கா அண்ணி?"

"யாரோட பறவை இது?"

 அவன் உள்ளே போய் டீ போட்டு எடுத்து வந்தான். இறந்ததன் பக்கத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது நடுவழியில்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் நின்று இரண்டு கோப்பையையும் அவனே குடித்தான்.

மராயியா வந்து, முதலில் ஜெபம் சொன்னாள். அப்புறம் கையுறை மாட்டி, ஒட்டிக் கிடந்த இறகில் பஞ்சைத் துடைத்து எடுத்துக் குப்பியில் போட்டாள்.

"எச்சில்தான் அத்தை. எந்த நாயோடதுன்னு லேப்ல சொல்லிடுவாங்க. பாஸ் வாயிலயும் எடுக்கணும். மாமா, உங்க வீட்லயும் எடுக்கணும்."

"என் வாயிலயா?"

"தேவைப்பட்டா அதையும் எடுப்போம்."

இன்னொரு சிக்கல் இருந்தது. மண்சரிவு விழுந்து நகரத்துப் பக்கம் போகும் பெரிய ரோடு அடைபட்டிருந்தது. குப்பிகள் தபால் படகில் போய்விடும்; வனத்துறை வண்டி வந்து பறவையை எடுத்துப் போக இரண்டு வாரம் ஆகலாம். குழுவின் ஃப்ரீசரும் ரிப்பேர்.

"என்னோடதுல வை" என்றாள் ரிபேகா. "முதல்ல காலி பண்ணணும்."

இறந்ததையும் தின்பதையும் ஒரே பெட்டிக்குள் வைக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. மூன்று பேருமாக ஃப்ரீசரைக் காலி செய்தார்கள். மீன் தலைகள், சிப்பிப் பொட்டலங்கள், ஆட்டுக்கறி, கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்த பன்றித் தொடை. வெளியே வர வரக் குவிந்துகொண்டே போயிற்று.

"எல்லாம் நீ எடுத்துட்டுப் போ பீட்டா."

"இவ்வளவா? என் பெட்டியில ஏற்கெனவே ஒரு முழுப் பன்றி இருக்கு அண்ணி."

"அப்ப தின்னு."

அவள் வீட்டில் தின்ன எதுவும் மிச்சமில்லை. அதனால் தினமும் சாயங்காலம் பீட்டா வீட்டுக்குப் போய், அவளுடைய மீனை அவன் தீய்த்து வைத்திருப்பதை அவளே சாப்பிட்டாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் முள் எடுப்பார்கள். வெளியே நாலு நாய்களும் சங்கிலியில் இருக்கும். ஆணியில் மாட்டியிருந்த சங்கிலியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை.

"கறுப்பிதான்னு வந்தா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?" என்றான் ஒருநாள்.

"தெரியும். அழுவ."

"நான் அழமாட்டேன்."

"சரி."

செய்தது சரி என்பதில் ரிபேகாவுக்குச் சந்தேகமே வரவில்லை.  ஆனாலும் பாஸின் காது மடலைத் தடவிக்கொண்டு படிக்கட்டிலேயே இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். இந்த நாயைக் கொல்லத்தான் வேண்டும் என்றால், தானே கூட்டிப்போய், தன் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊசி போடச் சொல்வது என்றும் முடிவு செய்திருந்தாள்.

ரோடு திறந்ததும் மராயியாவும் வனத்துறை அதிகாரியும் சேர்ந்து வந்தார்கள். மராயியாவின் முகத்தைப் பார்த்தபோதே ரிபேகாவுக்குப் புரிந்துவிட்டது.

"பாஸ்தான் அத்தை."

பீட்டாவின் தோள் தளர்ந்து இறங்கியது. தன் நாய் தப்பியது என்று ஒரு நொடி. அடுத்த நொடி அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி கட்டாம விட்டது யாரு?" என்று கேட்டார் அதிகாரி.

"என் நாய். நான்தான் பொறுப்பு" என்றாள் ரிபேகா.

அதிகாரி நோட்டை மூடினார். "நீங்களாவே சொல்லியிருக்கீங்க. முன்னாடி எந்தப் புகாரும் இல்ல. கோர்ட் வேண்டாம்னு நான் மேல சொல்றேன். ஆனா ஒரு தடவை பிடிச்ச நாய் மறுபடியும் பிடிக்கும். இது இனிமே இங்க இருக்கக் கூடாதும்மா. கிவியே இல்லாத இடத்துக்குப் போகணும். இல்லன்னா ஊசிதான்."

ரிபேகா இந்த முறை கை கழுவப் போகவில்லை. "ஆக்லாந்துல என் பையன் இருக்கான். நாளைக்கே கொண்டு விடறேன்."

பறவையை எடுத்துக்கொண்டு அவர்கள் போனார்கள். மராயியா ஃப்ரீசருக்குத் தண்ணீர் தெளித்து ஜெபம் சொல்லி, இனி சாப்பாடு வைக்கலாம் என்றாள். வைக்கத்தான் ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் பீட்டாவே தன் பிக்கப்பை எடுத்து வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பாஸ் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஜன்னலுக்குப் போக ரிபேகாவின் மடியை மிதித்துக்கொண்டு வந்தது. ஃபாங்காரே ஊரைத் தாண்டிய பிறகு பீட்டா வாயைத் திறந்தான்.

"அந்தச் சங்கிலிக் கொக்கி துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு அண்ணி."

"இல்ல. கோடையிலதான் புதுசு மாட்டினேன்."

ஒரு மலை ஏறி இறங்கினார்கள்.

"ஆணியில மாட்டினது நான்தான். பாவமாப் பாத்துச்சு. ஒரு ராத்திரிதானேன்னு விட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"அன்னிக்குக் காலையிலயே."

"அப்ப ஏன் சொல்லல? ரெண்டு வாரம் என் எதிர்லயே உக்காந்து சாப்பிட்டீங்களே."

"நீ சொல்லட்டும்னு."

"அந்த ஆளு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"நீ வாயைத் திறக்கல. நான் என் நாய்க்கு மட்டும் பதில் சொன்னேன்."

அவன் ரோட்டைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினான். "தண்டனை குடுத்திருக்கலாமே அண்ணி."

"தினமும் உன் சமையலைத் தின்னேனே. தண்டனை யாருக்கு?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினான். ரிபேகா அவன் மறுபடி கிளம்பும்வரை பாஸின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மகன் வீட்டு வாசலில் பேரப்பிள்ளைகள் காத்திருந்தார்கள். பாஸ் குதித்து இறங்கி, அவர்கள் வைத்திருந்த வாளியில் தண்ணீர் குடித்து, அவர்களோடேயே பின்பக்கம் ஓடிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அது ரிபேகாவுக்குக் கொஞ்சம் வலித்தது. நாய் நிம்மதியாக இருக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

ரிபேகா இப்போது நாய் வளர்ப்பதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பாஸைப் பார்த்துவிட்டு வருகிறாள். நகரத்தில் நன்றாகப் பெருத்துவிட்டது. பீட்டா தன் நாய்களுக்குக் கம்பிக் கூண்டு கட்டியிருக்கிறான். பொழுது சாய்ந்ததும் மூன்றும் அதற்குள் போய்விடுகின்றன. கூண்டின் சாவி ரிபேகாவிடம் இருக்கிறது.