திரைக்குள்ளே லதிகா

மலபார்ப் பக்கத்து விமான நிலையம் ஒன்றில் பெண் பயணிகளைச் சோதிக்கும் திரைக்குள் நிற்பவள் லதிகா. நாள் முழுக்க அடுத்தவர் உடம்பைத் தடவிப் பார்க்கும் வேலை. அதிலும் அவளுக்கு ஒரு பிடிவாதம். திரையை முழுக்க இழுத்துவிட்டு, "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்காமல் கை வைக்க மாட்டாள். வெளியே வரிசை அனுமார் வாலாக நீளும். கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. முன்பு திருச்சூரில் ஒரு நகைக்கடையில் விற்பனைக்கு நின்றாள். கடை சாத்தும்போது பெண்களை வரிசையில் நிறுத்தி, எல்லார் முன்பும் துழாவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு விடுவார்கள். திருடாமலே திருடியைப் போல வீட்டுக்கு நடந்தது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அதற்காகச் சோதனையே வேண்டாம் என்பவள் இல்லை. குண்டு கொண்டு வருகிறவன் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறான்? மனுஷியைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று பீயாத்தும்மா என்றொரு வயதான பயணி வந்தார். துபாயில் மகளுக்குப் பிரசவ நேரம். இடுப்பருகே கருவி கத்தியது. துணிக்கடியில் வெள்ளி அரைஞாண். கல்யாணத்துக்குப் பூட்டியது, தட்டான் வந்தால்தான் கழலும்.

"துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லு, இல்லேன்னா வெட்டி எடு!" வெளியிலிருந்து மேலதிகாரி மினிமோள் கத்தினாள். "திரையத் திற, நான் பாக்கணும்."

பீயாத்தும்மா பையைத் தூக்கிக்கொண்டார். "வேணாம் மோளே. நான் வீட்டுக்கே போறேன். எம் பொண்ணு தனியாவே பெத்துக்கட்டும்."

"இருங்க உம்மா." லதிகா திரையைக் கையால் பிடித்துக்கொண்டாள். "திறக்க மாட்டேன் மேடம். பாக்கணும்னா நீங்க உள்ள வாங்க." வேலை போனாலும் போகட்டும் என்றிருந்தது.

மினிமோள் முறைத்தபடி நுழைந்தாள். மூன்று பேருக்கு அங்கே இடமில்லை. பீயாத்தும்மாவின் கலங்கிய முகம் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அதைப் பார்த்தபின் அவளுக்கும் சத்தம் இறங்கிவிட்டது.

"சரி, துணி மேலேயே பாரு. சங்கிலியில ஒரு கண்ணி விடாம பாக்கணும்."

"தொட்டுப் பாக்கட்டுமா உம்மா?" லதிகா கேட்டாள். பீயாத்தும்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு அவரே லதிகாவின் கையைப் பிடித்து இடுப்பில் வைத்தார். கை கண்ணி கண்ணியாகச் சுற்றி வந்தது. சங்கிலியைத் தவிர ஒன்றுமில்லை.

"என்னக் கட்டின மாப்ள மௌத்தாகி ரொம்ப வருஷம் ஆச்சு," என்றார் பீயாத்தும்மா, முக்காட்டைச் சரிசெய்தபடி. "அவருக்கப்புறம் இதுல பட்ட மொதக் கை உன்னோடதுதான். நல்ல கைதான் மோளே. போயிட்டு வர்றேன்."