லைனில் நின்ற பாட்டு

பிள்ளைகளே, போன சனிக்கிழமை பிளாசாவில் சப்பாத்துக் கடை வாசலில் நான் அசையாமல் நின்றதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "அப்பா, அது சும்மா ஸ்டோர் மியூசிக். வாங்கோ" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். ஷிஃப்ட் முடித்து வந்த அலுப்பில் அன்று விளக்கம் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் அம்மாவோடு கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்த காலம். நான் இங்கே கனடாவில், ஸ்காபரோவில், நான்கு பேரோடு ஒரு அப்பார்ட்மென்டில். உங்கள் விசா விஷயமாக இமிகிரேஷனிலிருந்து வந்த கடிதம் என் பழைய விலாசத்துக்குப் போய்த் தொலைந்துவிட்டது. வீடு மாறியதை அறிவிக்காதது என் பிழை. அதில் என்ன கேட்டிருந்தார்கள் என்று தெரியாது. கேட்டதைக் கொடுக்காமல் ஃபைல் நகராது. லொட்ஜில் பொலிஸ் செக்கிங் நடக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அம்மாவின் கடிதங்கள் வரும்.

எனக்குப் பெட்டி மடிக்கிற ஃபாக்டரியில் பின்னேர ஷிஃப்ட். காலையில் எழும்பியவுடன் இமிகிரேஷனுக்குப் போன் எடுப்பேன். ஒரு குரல் காத்திருக்கச் சொல்லும். பிறகு பாட்டு. ஆள் பாடுகிற பாட்டு இல்லை, பெரிய ஓர்கெஸ்ட்ரா. முதலில் வயலின்கள் வரும், கூட்டமாக, ஆனால் ஒன்றை ஒன்று இடிக்காமல். இடையில் பியானோ இரண்டு சொட்டு விடும். கடைசியில் ஒரு ஊதுகுழல் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு மெதுவாகப் போகும். ஒரு கிளிக். திரும்ப முதலிலிருந்து.

பாட்டு ஓடும்போது போனை வைத்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவோம். அதனால் எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு முறை வந்தது. நான் குளிக்கவோ தேத்தண்ணி போடவோ போனால் இன்னொருவர் ரிசீவரைக் காதில் வைத்திருப்பார். ஆளுக்கு மூன்று பாட்டு. மட்டக்களப்பு அண்ணை ஒருவர் இருந்தார். இரவெல்லாம் ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டு வந்து, சோபாவில் சரிந்தபடி எனக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"எங்க நிக்குது அண்ணை?"

"வயலின்காரனுகள் போயிட்டானுகள் மனே. இப்ப குழல்காரன். அவனுக்கும் என்னப் போலதான், நித்திரை இல்ல."

"ஏன் உதில ஒருத்தரும் பாடீனமில்லை?"

"பாட வந்தவனும் லைன்ல நிக்கிறான் போல."

பல நாட்கள், லைனில் பேச ஆள் வருமுன்னே எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும். ஆள் வந்த இரண்டு தரமும் வேறு பகுதிக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே பாட்டு. இப்படி ஆறு கிழமை, ஒன்றரை மாதம். கோபம் வரவேண்டும், ஆனால் கோபப்படவும் உடம்பில் பலம் வேண்டுமே. அந்த இசையில் யாரும் கத்தவில்லை, யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. இந்த நாட்டில் என்னோடு அவ்வளவு பொறுமையாக இருந்தது அது ஒன்றுதான். பெட்டி மடிக்கும்போதும் முணுமுணுப்பேன். பிள்ளைகளைப் பிரிந்த யாரோதான் அதை எழுதியிருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் முகம் வழித்துக்கொண்டிருந்தேன். அண்ணை கத்தினார்.

"மனே, பாட்டு நிண்டுட்டு! ஓடி வா!"

பாதி முகம் சோப்போடு ஓடினேன். ஒரு பெண் ஃபைல் நம்பரைக் கேட்டு, கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தாள். அவர்கள் கேட்டிருந்தது என் வேலைத்தலத்திலிருந்து ஒரு கடிதம். ஒரே ஒரு பக்கம். நன்றி சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உங்கள் பாட்டு நல்ல பாட்டு" என்றேன்.

"எந்தப் பாட்டு?" என்றாள். காத்திருக்கிறவர்களுக்குத்தான் அது கேட்கும். அவளுடைய பக்கத்தில் ஒன்றும் கேட்பதில்லையாம்.

கடிதத்தை அனுப்பிவிட்டு மறுபடி காத்திருந்த மாதங்களில், இங்கே வெக்ஸ்போர்ட் பக்கத்தில் ஒரு பழைய ரெக்கார்ட் கடைக்குள் போய், வெட்கத்தை விட்டு அந்த மெட்டை முணுமுணுத்துக் காட்டினேன். கடைக்காரக் கிழவர் நான் முடிக்குமுன்னே மேசையில் தாளம் தட்டி, வேகமாக, சொற்களோடு பாடிவிட்டார். பழைய அமெரிக்க மேடைப் பாட்டாம். புதுச் சப்பாத்து வாங்கிக் காலில் மாட்டிய ஒருவன் டான்ஸுக்குப் புறப்படுகிறான், அவ்வளவுதான் விஷயம். ஓர்கெஸ்ட்ராக்காரர்தான் அதை அவ்வளவு மெதுவாக்கியிருக்கிறார்கள். நான் அங்கேயே நின்று சிரித்தேன். அலுமாரிக்கு மேல், போட்டுக் கேட்க பிளேயர் இல்லாமல் கிடக்கிறதே, அன்று வாங்கிய அந்தப் பாட்டின் ரெக்கார்ட்தான் அது.

நீங்கள் வந்து இரண்டு வருடமாகிறது. சனிக்கிழமை அந்தப் பாட்டு பிளாசாவின் கூரையிலிருந்து வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"என்னப்பா, ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"முடியட்டும்" என்றேன்.

நான் வழி பார்த்திருந்த மூன்று பேரும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அது எனக்குத் தெரியும். என் கால்களுக்குத்தான் தெரியவில்லை. குழல்காரன் ஆறுதலாக முடித்தான். அதற்குப் பிறகுதான் உங்களுக்குச் சப்பாத்துப் பார்க்க உள்ளே போனோம்.