ஏழாம் நம்பர் அறையில் ஒரு சுருள் மண்டலம்

உத்திர வீதி வத்ஸலா புதன்கிழமைதோறும் சமயபுரத்தில் லாட்ஜ் எடுத்துத் தங்குகிறாள் என்ற செய்தி எனக்குக் காபிப்பொடிக் கடையில் கிடைத்தது. கால் கிலோ பொடி அரைபடுவதற்குள் அது வளர்ந்தும் விட்டது. கொட்டையைப் போடும்போது தனியாகப் போகிறாள் என்றார்கள். சிக்கரி கலக்கும்போது அறைக்குள்ளிருந்து ஆண் குரல் கேட்டதாம். பொட்டலம் கட்டும்போது அந்தக் குரல் இங்கிலீஷ் பேசியது. திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர், நாற்பதைத் தாண்டியவர், பத்துப் பேர் இருக்கும் வீட்டின் இரண்டாவது மருமகள். வதந்திக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் ஸ்ரீரங்கத்தில் அமைவது கஷ்டம்.

சரிபார்க்கக் கிளம்பினேன். பொதுநலம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மாசி மாதத்தில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதே நிஜம். முதலில் அவருடைய கணவர் சேஷுவைப் பிடித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ்காரர். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்ததும் அவருக்குக் கோபம் வரவில்லை, கொட்டாவி வந்தது.

"அந்த லாட்ஜைப் பிடிச்சுக் கொடுத்ததே நான்தான். பெருமாளோட தங்கை ஊர்தானே, பத்திரமா இருப்பா" என்றார்.

சமயபுரத்து மாரியம்மன் ரங்கநாதருக்குத் தங்கை முறை. தைப்பூசத்தன்று அண்ணன் வீட்டுச் சீர் கொள்ளிடக் கரைக்குப் போகிறது. ஆகவே வைணவ வீட்டு மருமகள் அந்த ஊரில் அறை எடுப்பதில் சாஸ்திரக் குறை எதுவும் இல்லை என்பது சேஷுவின் கட்சி. ஆண் குரலைப் பற்றியும் கேட்டுவிட்டேன். அது வத்ஸலாவின் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியராம். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது வழக்கம். திட்டுவதற்கு மட்டும் அவர் இங்கிலீஷுக்கு மாறுவார்.

அந்தப் புதன்கிழமை சமயபுரம் பஸ்ஸில் நானும் ஏறி, வத்ஸலாவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தேன். வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்பது அவருக்கு டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருந்தது. வீட்டில் டிவி ஒரு பக்கம், பாட்டு வகுப்பு ஒரு பக்கம், போன வருஷக் கல்யாணத்துக்கு வந்து இன்னும் ஊர் திரும்பாத உறவுக்காரர் ஒரு பக்கம். உட்கார்ந்து யோசிக்க நாலு சுவர் வேண்டும். புதனன்று கல்லூரியில் வகுப்பு இல்லை. திருவிழா இல்லாத புதன்கிழமைகளில் சமயபுரம் லாட்ஜ் அறைகள் தூங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் ரகசியம் என்றார். என்ன யோசனை என்று கேட்டேன். கூட்டத்தில் மாட்டிய சுருள் விண்மீன் மண்டலங்கள் வீசும் ரேடியோ அலைகளைப் பற்றி என்றார். காபிப்பொடிக் கடையில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறியது. கீழே ஆறு முக்கால்வாசி மணலாகக் கிடந்தது. இலை அசையவில்லை. ஆனாலும் பஸ்ஸுக்கு இணையாக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த பெண்ணின் துப்பட்டா பின்னால் நீண்டு, அவசரமே இல்லாமல் மிதந்தது. வத்ஸலா அதைக் காட்டினார்.

"காத்தே இல்லை, பார்த்தேளா? அவ போற வேகந்தான் காத்து. கூட்டத்துக்குள்ள விழற மண்டலத்துக்கும் இதே கதிதான்."

அவர் சொல்லச் சொல்ல, பாலம் முடியும்வரை நான் வேறு உலகத்தில் இருந்தேன். நூற்றுக்கணக்கான மண்டலங்கள் ஒன்றையொன்று சுற்றித் திரியும் பெருங்கூட்டம். இடைவெளி வெறும் வெளி அல்ல. அங்கே புகையைவிட மெல்லிய, ஆனால் கொதிக்கும் வாயு பரவிக் கிடக்கிறது. அதற்குள் ஒரு சுருள் மண்டலம் விழுகிறது. கோடிக்கணக்கான வருஷங்களாக விழுந்துகொண்டே இருக்கிறது. எதிர்க்காற்று அதன் குளிர்ந்த வாயுவை, அதாவது நாளைக்குப் பிறக்க வேண்டிய நட்சத்திரங்களுக்கான மாவை, வாலாகப் பின்னால் உருவி விடுகிறது. முன் ஓரத்தில் காந்தப்புலம் நசுங்குகிறது. அங்கே சுற்றும் எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை முன்னைவிட அதிகமாக வீசுகின்றன. அதே எண்ணிக்கையில் நட்சத்திரம் பெறும் தனிக்காட்டு மண்டலத்தைவிட, கூட்டத்தில் சிக்கியது ரேடியோவில் பளிச்சென்று தெரியும். பறிகொடுக்கும் நேரத்தில்தான் அந்தப் பிரகாசம். பத்துப் பேர் வீட்டு மருமகள் இந்தத் தலைப்பை எடுத்ததில் உள்நோக்கம் உண்டா என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டோல்கேட் தாண்டியதும் சிக்கலைச் சொன்னார். பகுதிநேர ஆய்வுக்கு அவர் பதிவு செய்து ஏழு வருஷம் ஆகிறது. காலம் ஆனியோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் இல்லை. அனுப்பிய ஒரே கட்டுரையை மதிப்பீட்டாளர் ஒருவர் திருப்பியிருந்தார். கூட்டத்து மண்டலங்கள் இவ்வளவு பிரகாசமா, நம்ப முடியவில்லை என்பது அவர் குறை. வரும் திங்கட்கிழமைக்குள் பதில் போக வேண்டும். வத்ஸலாவின் தைரியமெல்லாம் ஒரு மண்டலத்தின்மேல் இருந்தது. உலகத்துக்கு அது ஒரு நீளமான எண். ஓரத்தில் மட்டும் மினுங்குவதால் வத்ஸலாவுக்கு அது மூக்குத்தி. மற்றவை கொஞ்சம் கூடுதலாகப் பிரகாசித்தால், மூக்குத்தி நாலு மடங்கு.

புதன் போதவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அறை எடுத்தார். அதன் பிறகு நடந்ததை அவரும் லாட்ஜ் மேனேஜர் அழகர்சாமியும் தனித்தனியாகச் சொல்லக் கேட்டேன்.

அந்த ஞாயிறு அம்மனுக்குப் பூச்சொரிதல் திருவிழா என்பது விண்வெளியிலேயே இருந்தவருக்கு மறந்து போயிருந்தது. ஊர் ஊராகப் பூக்கூடைகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பழகிய மேடத்துக்காக அழகர்சாமி ஏழாம் நம்பரை மட்டும் காப்பாற்றி வைத்திருந்தார். வத்ஸலா லேப்டாப்பைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. மஞ்சள் சேலையில், துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த மயிலம்மாள்.

"தாயீ, புள்ளைங்களுக்கு மொட்டை போட்டிருக்கு. தலைக்கு ஊத்திக்கிட்டு ஓடிர்றோம்."

ஊற்றிக்கொண்டார்கள், ஓடவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னால் மருமகள், மருமகளுக்குப் பின்னால் அவள் அண்ணன் குடும்பம். குளித்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே அப்படியே சாய்ந்துவிட்டார்கள். கட்டிலின்மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்த வத்ஸலாவுக்கும் கண் சொருகியது. பூவாசனை, ஈரத் துண்டு, மெதுவாகச் சுற்றும் விசிறி. திரையில் மஞ்சள் புள்ளிகள், தரையில் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். எது மேலே, எது கீழே என்று கொஞ்ச நேரம் தனக்கே தெரியவில்லை என்றார்.

அப்போது மாடிப்படியிலிருந்து அழகர்சாமி, லாட்ஜ் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார்.

"ஏழாம் நம்பர் மேடம், காலையிலேர்ந்து எட்டு வாளி வெந்நீர் வாங்கியிருக்கீங்க. ஒத்தை ஆளு இவ்ளோ ஊத்துனா உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

வராந்தா சிரித்தது. குளித்தது நானில்லை, என் அறையில் இருப்பவர்கள் என்று சொல்ல வாயெடுத்த வத்ஸலா, வாயை மூடாமலே திரையைப் பார்த்தார். மூக்குத்திக்கு அருகிலேயே ஒரு பெரிய மண்டலம் உண்டு. ரேடியோவில் கொழுந்து விட்டு எரிவது. அவர் அளந்த பழைய வரைபடம் மங்கல். நெருங்கி நிற்கும் இரண்டை ஒரே பொட்டாகக் காட்டிவிடும். பக்கத்து வீட்டு வெளிச்சத்தை மூக்குத்தியின் பேரில் எழுதிவிட்டோமோ? நெரிசலான இடத்தில் இது சுலபமாக நேரும். உத்திர வீதிக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு.

துல்லியமான புதிய வரைபடம் ஒன்று இருந்தது. அதை மொபைல் வழியாக இறக்க முயன்றார். ஊருக்கு வந்த அத்தனை பேரும் அதே டவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்ததால், அது நகராமல் நின்றது. மயிலம்மாள் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"ஒரு வெளிச்சம் யாரோடதுன்னு பாக்கறேன்."

"யாரோடதா இருந்தா என்ன, எரியுதுல்ல?"

"அது இதோடதா இல்லேன்னா, நான் ஏழு வருஷமா பண்ணினது போயிடும்மா."

மயிலம்மாள், அழ ஆரம்பித்த ஒரு மொட்டையைத் தூக்கி, அதன் வாயில் பானகத்தை ஊற்றினார்.

படம் வந்தது. மூக்குத்தியின் மினுக்கத்தில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரருடையது. மிச்சம், நகக்கீறல் போல ஒரு மெல்லிய வளைவு. பேராசிரியரைக் கூப்பிட்டார். அவர் இங்கிலீஷில் ஆரம்பித்து, பிறகு தமிழுக்கு வந்தார். மதிப்பீட்டாளர் மூக்குத்தியைக் குறிப்பாகக் கேட்கவில்லை, பிரகாசக் கணக்கைக் குறைத்தால் கட்டுரையே தேறாமல் போகலாம், முடிவு உன்னுடையது என்றாராம். வத்ஸலா மற்ற மண்டலங்களையும் புதிய படத்தில் ஒவ்வொன்றாக அளந்தார். சில மங்கின, பல அப்படியே நின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டத்தில் இருப்பவை இன்னமும் பிரகாசம்தான், ஆனால் பெருமையடிக்கும் அளவுக்கு இல்லை. மூக்குத்தியில் தான் செய்த தவறை ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்து, சாயங்காலம் அனுப்பிவிட்டார்.

தலை நிமிர்ந்தபோது அறை காலி. சந்தன வாசனை மட்டும் இருந்தது. ஸ்டூலின்மேல் ஒரு எவர்சில்வர் தூக்கு, திறந்தால் வெல்லம் போட்டு இடித்த துள்ளுமாவு. அவர்கள் கிளம்பியதையோ, சொல்லிக்கொண்டதையோ அவர் கவனிக்கவில்லை. ஆசாரம் பார்க்கும் வீட்டு மருமகள் டோல்கேட் வருவதற்குள் பாதி மாவைத் தின்றுவிட்டார்.

வைகாசியில் கட்டுரை ஏற்கப்பட்டது. தலைப்பில் இருந்த 'பெரிதும்' என்ற சொல் போய், 'ஓரளவு' வந்திருந்தது. ஆனி பிறப்பதற்குள் ஆய்வேடும் போய்விட்டது. காபிப்பொடிக் கடையில் முழு உண்மையையும் சொன்னேன். அங்கே எட்டு வாளி வெந்நீரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வத்ஸலாவுக்கு இப்போதுள்ள கவலை அந்தத் தூக்கு. ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. அக்காரவடிசில் நிறைத்துக் கொடுத்துவிடலாம் என்று சேஷு சொல்லிவிட்டார். யாரிடம் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை. மயிலம்மாள் அறை எடுத்தவர் அல்ல, அதனால் அழகர்சாமியிடம் விலாசம் இல்லை. ஆடியில் ஒருநாள் வத்ஸலா துறையூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் விசாரித்துவிட்டு வந்தார். தூக்கின் விளிம்பில் பேர் வெட்டியிருக்கிறது: தமிழ்மணி – வேணி திருமண அன்பளிப்பு. யார் கல்யாணத்திலோ, யாருக்கோ கொடுத்தது. கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். பத்துப் பேர் வீட்டில் அதை மட்டும் யாரும் எடுத்துப் புழங்குவதில்லை.