கட்டிலைத் திருப்பிப் போட்ட நாள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு மாசி மாதம். மேச்சேரிக்குத் தெற்கே எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை ஓட்டிக்கொண்டிருந்தேன். சால் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது வடம் அறுந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்த நான் உருண்டு விழுந்தேன். தொடை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட வைத்தியர் அசையவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நின்றது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தண்ணீர் பாயாவிட்டால் அந்த வருஷம் எங்களுக்குச் சோறில்லை. அன்பர்களே, நான் வாய்விட்டு அழுதேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு மகன் உண்டு, பழனி. கூப்பிட்டால் முறைப்பான். சொன்னதை அரைகுறையாகச் செய்துவிட்டு நகர்ந்துவிடுவான். "ஆத்தா, இவனுக்குப் புத்தியக் குடு" என்று அமாவாசைதோறும் எங்கள் குலதெய்வம் அங்காளம்மனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

என் மச்சான் வந்து, இந்த வெள்ளாமையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், விளைச்சலில் பாதி தனக்கு என்றும் சொன்னார். நான் தலையாட்டப் போனேன். என் மனைவி விடவில்லை.

"ஏனுங்க, நம்ம பையன் இருக்கறானில்லீங்க?"

"அவனா? மாட்டக் கெணத்துக்குள்ள எறக்கிப்போடுவான்."

"அப்ப ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப்போட்டு வாரனுங்க."

மகனுக்கு வெள்ளைப் பூ, மச்சானுக்குச் சிவப்புப் பூ. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்து, விவரம் அறியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தது. இன்னொரு தரம் கேட்டு வா என்றேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாளே தவிர அசையவில்லை.

மறுநாள் விடியலில் பழனி மாடு பூட்டினான். வாசலில் கட்டிலில் கிடந்த எனக்குக் கிணறு நன்றாகத் தெரிந்தது. "இழுடா! விடுடா! கண்ணு எங்கடா இருக்குது?" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். அவன் பதறினான், மாடும் மிரண்டது. என் மனைவி பக்கத்துத் தோட்டத்துக் காளியக்காவைக் கூட்டி வந்து, இருவருமாகக் கட்டிலைத் தூக்கி, என் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார்கள்.

"அவன் வேலைய அவன் பாக்கட்டுமுங்க. நீங்க சாமி கும்புடுங்க."

கோபம் பொங்கியது. படுத்துக் கிடக்கிறவன் என்ன செய்ய முடியும்? "ஆத்தா, என் வாயக் கட்டு" என்று சுவரைப் பார்த்து வேண்டினேன். இப்படி ஒரு வேண்டுதலை அவளும் அதுவரை கேட்டிருக்க மாட்டாள்.

அதன்பின் எனக்குக் கிணற்று உருளைச் சத்தம் மட்டுமே துணை. திக்கித் திக்கிக் கேட்டது நாளாக ஆகச் சீராயிற்று. ஒரு சாயங்காலம் பழனி கட்டிலருகே வந்து நின்றான்.

"அப்பா, செவலைக் காளை சரிவுல பின்னால ஏறறப்ப தலைய ஒதறுதுங்க."

அவனாக வந்து என்னிடம் பேசி எவ்வளவோ காலமாகியிருந்தது. பதில் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. யார் தடுத்தார்களோ, "நீ என்ன சாமி நெனைக்கற?" என்றுதான் என் வாயில் வந்தது.

"கழுத்துல புண்ணுங்க. மஞ்ச அரைச்சுப் போட்டிருக்கறன். ஆறற வரைக்கும் காளியக்கா மாட்ட எரவல் கேட்டனுங்க. பாவம், அவங்களுக்கு ஓட்ட ஆளில்லீங்க. நம்முது பாஞ்சதும் அவங்க ராயிப் பயிருக்கும் நானே எறச்சுத் தாரனுங்க."

மாட்டின் வலியும் தெரிந்திருக்கிறது, அடுத்த வீட்டுக் கஷ்டமும் தெரிந்திருக்கிறது. இது எப்போது வந்தது இவனுக்கு? சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன். இந்த அழுகை வேறு.

சித்திரையில் கோலூன்றிக் கிணற்றடிக்குப் போனேன். மிளகாய்க் காடு சிவந்து கிடந்தது. பக்கத்தில் காளியக்காவின் ராகியும் கதிர் முற்றி நின்றது. பழனி வடத்திலிருந்து இறங்கி வந்து மாட்டுக் கயிற்றை என்னிடம் நீட்டினான்.

"நீயே ஓட்டு சாமி. நான் தண்ணி கட்டறேன்" என்றேன்.

என் பிள்ளைக்குப் புத்தி கேட்டேன். ஆத்தாள் என் காலை ஒடித்து அதைக் கொடுத்தாள். வளர்ந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏங்குகிறவர்களே, அவளை நம்பிக் கேளுங்கள், நிச்சயம் கொடுப்பாள். கேட்டுவிட்டு வந்ததும் கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் காலையும் ஒடிக்கிற வேலையை அவளுக்கு வைக்காதீர்கள்.